பாட்டு இருக்கட்டும், பத்திரிகையை யார் வைத்தது?

கேள்வி: நான் திருமங்கலம் பக்கம். தங்கையை மேலூரில் கட்டிக்கொடுத்திருக்கிறோம். 6 வருஷத்துக்கு முன் அவள் மகள் சடங்குக்குச் சீர் ஏற்றிப்போன வேன் வழியில் நின்றுவிட்டது. நான் போய்ச் சேர்வதற்குள் தலைக்குத் தண்ணீர் ஊற்றி முடித்துவிட்டார்கள். தெருமுனையிலிருந்தே சீரோடு திரும்பிவிட்டேன். அன்றிலிருந்து பேச்சுவார்த்தை இல்லை. வருகிற தையில் என் மகளுக்குக் கல்யாணம். பத்திரிகையைச் சித்தப்பா மகனிடம் கொடுத்தனுப்பினேன். அழகர் கதையை வைத்து ஒரு சமாதானப் பாட்டு எழுதியிருக்கிறேன். தங்கை மண்டபத்துக்குள் வரும்போது மைக் செட்டில் போட்டால் அவள் மனசு இளகுமா?

பதில்: தம்பி, கடிதத்தோடு அனுப்பிய பாட்டைப் படித்தேன். ஐந்து சரணம். நாலில் வேன் நின்றதும், அவர்கள் காத்திருக்காததும், தெருமுனையில் நீங்கள் பட்ட அவமானமும்தான். கடைசி ஒன்றில் போனால் போகிறதென்று வைகைத் தண்ணீரில் கோபத்தைக் கரைக்கிறீர்கள். இதை மைக்கில் போட்டால் மண்டபமே திரும்பி அவளைப் பார்க்கும். அதற்குப் பெயர் சமாதானமா, பஞ்சாயத்தா?

அது கிடக்கட்டும். போகிற போக்கில், பத்திரிகையைக் கொடுத்தனுப்பினேன் என்று எழுதியிருக்கிறீர்களே, சம்பந்தி வீட்டு ஆட்களுக்கும் அப்படித்தான் கொடுத்தனுப்பினீர்களா? கூடப்பிறந்தவளுக்குப் புருஷனும் பொண்டாட்டியுமாகப் போய், வெற்றிலை பாக்கோடு தட்டில் வைத்துக் கொடுக்க வேண்டும். உங்களுக்குத் தெரியாததா? ஆள் மூலம் வந்த பத்திரிகைக்கு நம் பக்கத்தில் ஒரே அர்த்தம்தான்: வந்தால் வா, வராவிட்டால் போ. அவள் வரப்போவதில்லை. அப்புறம் பாட்டு யாருக்கு?

அழகரை இழுத்ததும் உங்கள் வசதிக்குத்தான். தங்கை மீனாட்சி கல்யாணத்துக்குப் பிந்தி வந்து, கோபித்துக்கொண்டு வண்டியூருக்குப் போனார் என்பது ஜனங்கள் சொல்லும் கதை. கோயில் புராணப்படி அவர் இறங்கி வருவது மண்டூக முனிவருக்குச் சாப விமோசனம் கொடுக்க. மீனாட்சி கல்யாணத்துக்குத் திருப்பரங்குன்றத்திலிருந்து பவளக்கனிவாய்ப் பெருமாள் வருகிறார், வருஷா வருஷம், நேரில். தங்கையைத் தாரை வார்த்துக் கொடுக்கும் அண்ணன் அவர்தான். அவர் உங்கள் ஞாபகத்துக்கு வரவில்லை; கோபித்துக்கொண்டு போனவர்தான் தோதாக இருந்தார்.

தாய்மாமனுக்குக் காத்திராமல் தண்ணீர் ஊற்றியது தப்புத்தான். நல்ல நேரம் போகிறதென்று யாராவது பெரிசு அவசரப்படுத்தியிருக்கும். ஆனால் நீங்கள் திருப்பி எடுத்துப்போன தட்டு யாருடையது? தலை ஈரம் காயாமல், மாமா கொண்டுவரும் பட்டைக் கட்டிக்கொள்ளக் காத்திருந்த பிள்ளையுடையது. உங்கள் பாட்டில் அந்தப் பிள்ளைக்கு ஒரு வரிகூட இல்லை. எனக்கு ஆத்திரம் வந்ததே அங்கேதான். மாமன் முறை என்பது மாலை மரியாதை வாங்குவதற்கு மட்டுமா?

இன்னொரு பத்திரிகைக்கு மஞ்சள் தடவி, மனைவியைக் கூட்டிக்கொண்டு மேலூருக்குப் போங்கள். முன்னாலேயே போன் பண்ண வேண்டாம். போனில் வராதே என்று சொல்வது சுலபம். அந்தச் சீர்ப் புடவை என்ன ஆயிற்று என்று நீங்கள் எழுதவில்லை. பீரோவில் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டில் கட்டிக் கிழித்தாயிற்று என்றால் மதுரை விளக்குத்தூண் ஜவுளிக்கடைப் பக்கம் போய் அதைவிட நல்லதாக ஒன்று எடுங்கள். மருமகள் கையில் நீங்களே கொடுங்கள். தங்கை 6 வருஷத்தையும் வாசலில் வைத்துக் கொட்டுவாள். நின்று கேளுங்கள். வேன் நின்ற கதையை மட்டும் ஆரம்பித்துவிடாதீர்கள்.