கர்ப்பிணிக்கு ஃபுளூ காய்ச்சல், எல்.எஃப்.டி. (கல்லீரல் பரிசோதனை) எண்களும் கூடியிருக்கின்றன. கல்லீரலுக்கும் குழந்தைக்கும் ஆபத்தா?

ஏழாம் மாதக் கர்ப்பிணியான உங்கள் மனைவிக்கு இன்ஃபுளுவென்சா உறுதியாகியிருப்பதையும், கல்லீரல் நொதிகளான எஸ்.ஜி.ஓ.டி. 110, எஸ்.ஜி.பி.டி. 78 என்று வந்திருப்பதையும் எழுதி, கிருமி கல்லீரலுக்குப் போய்விட்டதா என்று கேட்டிருக்கிறீர்கள். மகப்பேறு வார்டிலிருந்து அழைப்பு வந்தால் போய்ப் பார்க்கும் பொது மருத்துவர் நான். பொதுவாகச் சொல்லக்கூடியதை இங்கே எழுதுகிறேன். முடிவு, அவரை நேரில் பார்க்கும் மருத்துவருடையது.

இன்ஃபுளுவென்சா கிருமி மூச்சுப்பாதையில்தான் பெருகுகிறது. கல்லீரல் செல்களுக்குள் நேரடியாகப் புகுந்து அழிப்பது அரிது. காய்ச்சலின்போது உடல் முழுவதும் கிளம்பும் அழற்சி, நுரையீரல் பாதிக்கப்பட்டால் ஏற்படும் ஆக்சிஜன் குறைவு, உட்கொள்ளும் மருந்துகள் ஆகியவையே பெரும்பாலும் இந்த எண்களை உயர்த்துகின்றன. எஸ்.ஜி.ஓ.டி. தசையிலும் இருப்பதால், கடுமையான உடம்பு வலியோடு வரும் ஃபுளூவில் அது மட்டும் சற்று அதிகமாக ஏறுவதும் உண்டு. கொரோனா கிருமி ஒட்டிக்கொள்ளும் ஏற்பிகள் பித்த நாளச் செல்களில் நிறைய இருந்தாலும், அந்த நோயிலும் கல்லீரல் எண்கள் உயர்வதற்கு அழற்சியும் ஆக்சிஜன் குறைவும் மருந்துகளுமே முக்கியக் காரணங்களாகக் கருதப்படுகின்றன. இவ்வகை உயர்வு பெரும்பாலும் மிதமாக இருந்து, காய்ச்சல் தணிந்த பின் தானாக இறங்கிவிடும்.

ஆனால் கர்ப்பிணி விஷயத்தில் இந்த ஆறுதலோடு நிறுத்திக்கொள்ளக் கூடாது என்பதே நான் வலியுறுத்த விரும்புவது. எல்.எஃப்.டி.யில் வரும் ஆல்கலைன் பாஸ்பட்டேஸ் என்ற நொதி நஞ்சுக்கொடியிலிருந்தும் சுரப்பதால் கடைசி மாதங்களில் உயர்வது இயல்பு. இரத்தத்தின் நீர்ப்பகுதி கூடுவதால் ஆல்புமின் என்ற புரதம் குறைவதும் இயல்பு. எஸ்.ஜி.ஓ.டி.யும் எஸ்.ஜி.பி.டி.யும் கர்ப்பத்தால் மட்டும் உயர்வதில்லை. அவை உயர்ந்திருந்தால், காய்ச்சல் இருக்கிறது என்பதற்காகப் பழியைக் கிருமியின்மேல் போட்டுவிடாமல், கர்ப்பத்துக்கே உரிய கல்லீரல் நோய்களை முதலில் விலக்கியாக வேண்டும்.

2021 இரண்டாம் அலையில் கொரோனாவோடு வந்த ஒரு தாய், வலது விலாவுக்குக் கீழே கையை அழுத்திப் பிடித்தபடி, இருமி இருமி வயிறு வலிக்கிறது என்றார். இரத்த அழுத்தம் 150/100, சிறுநீரில் புரதம், பிளேட்லெட் ஒரு லட்சத்துக்கும் கீழே, நுண்ணோக்கியில் பார்த்த இரத்தத்தில் உடைந்த சிவப்பணுக்கள். அது ஹெல்ப் (HELLP) எனப்படும் நிலை, அதாவது கர்ப்பத்தால் சிவப்பணுக்கள் உடைந்து, கல்லீரல் எண்கள் ஏறி, பிளேட்லெட் குறைவது. அதற்குத் தீர்வு பிரசவம்தான். இதற்கு நேர்மாறானதும் நடக்கும். கடுமையான கொரோனா, ஹெல்ப் போன்ற தோற்றத்தையே காட்டி, நிமோனியா குணமானதும் பிரசவம் இல்லாமலே சரியாகிவிடலாம் என்பதை 2020-இல் பார்சிலோனா மருத்துவர்கள் எழுதினார்கள். ஆகவே எல்.எஃப்.டி. தாள் ஒன்றை மட்டும் வைத்து எந்தப் பக்கமும் முடிவெடுக்க முடியாது.

உங்கள் மனைவிக்கு இன்றே இரத்த அழுத்தம், சிறுநீர்ப் புரதம், பிளேட்லெட், பிலிரூபின் (மஞ்சள் காமாலையைக் காட்டும் நிறமி), சர்க்கரை, இரத்தம் உறையும் நேரம் ஆகியவற்றைப் பாருங்கள். கடுந்தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்று வலி, ஓயாத வாந்தி ஆகியவற்றில் ஏதாவது இருந்தாலும், குழந்தையின் அசைவு குறைந்தாலும் காத்திருக்காமல் மருத்துவமனைக்குச் செல்லுங்கள். உள்ளங்கை, உள்ளங்காலில் அரிப்பு இருந்தால், பித்தம் தேங்குகிறதா என்று பார்க்கும் பித்த அமிலப் பரிசோதனையும், கண் மஞ்சளாக இருந்தால் ஹெபடைட்டிஸ் ஈ என்ற கல்லீரல் தொற்றுக்கான பரிசோதனையும் தேவை. ஹெபடைட்டிஸ் ஈ கடைசி மூன்று மாதங்களில் தாயின் உயிருக்கே ஆபத்தாக முடியக்கூடியது.

குழந்தையைப் பொறுத்தவரை, ஃபுளூ கிருமி நஞ்சுக்கொடியைத் தாண்டுவது அரிது. தாயின் நிமோனியா, ஆக்சிஜன் குறைவு, விடாத காய்ச்சல், அவற்றால் வரக்கூடிய குறைப்பிரசவம் ஆகியவையே உண்மையான ஆபத்துகள். வளரும் கருப்பை உதரவிதானத்தை மேலே தள்ளுவதாலும், ஆக்சிஜன் தேவை ஏற்கெனவே கூடியிருப்பதாலும் கர்ப்பிணியின் நுரையீரலுக்குச் சேமிப்பு குறைவு. ஃபுளூவின் ஒரு வகையான 2009 பன்றிக் காய்ச்சலின்போது அமெரிக்க மக்கள்தொகையில் ஏறத்தாழ 1 சதவீதமாக இருந்த கர்ப்பிணிகள், இறப்புகளில் ஏறத்தாழ 5 சதவீதமாக இருந்தார்கள். விரலில் மாட்டும் கருவியில் ஆக்சிஜன் அளவு 95-க்குக் கீழே இறங்கினால் அதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

ஃபுளூ கிருமிக்கு எதிரான ஓசெல்டமிவிர் கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கப்படும் மருந்துதான். முதல் 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால் பலன் அதிகம், தாமதமானாலும் கொடுப்பதுண்டு. கல்லீரலுக்கு பயந்து பாரசிட்டமாலை நிறுத்திக் காய்ச்சலைக் கொதிக்க விடுவது சரியல்ல. மருத்துவர் சொன்ன அளவில் கொடுங்கள். மெடிக்கல் கடையில் வாங்கும் சளி மாத்திரைகள் பலவற்றிலும் பாரசிட்டமால் கலந்திருப்பதால், அட்டையின் பின்புறத்தைப் படித்துப் பார்த்து, ஒரே மருந்து இரண்டு பெயர்களில் உள்ளே போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஐபுபுரோஃபென் வேண்டாம். வீட்டுப் பெரியவர்கள் அன்போடு அரைத்துத் தரும் கீழாநெல்லியும் இப்போது வேண்டாம். காரணம் தெரியாத நிலையில் இன்னொன்றைச் சேர்த்தால், எதனால் எண் ஏறியது என்று கண்டுபிடிப்பதே கடினமாகிவிடும்.

மேலே சொன்ன பரிசோதனைகள் இயல்பாக இருந்தால், இரண்டு மூன்று நாட்களில் எல்.எஃப்.டி.யையும் பிளேட்லெட்டையும் மீண்டும் எடுங்கள். முடிந்தால் அதே பரிசோதனைக் கூடத்தில். எண்கள் இறங்கத் தொடங்கியிருந்தால், காய்ச்சல் விட்ட ஓரிரு வாரத்தில் இன்னொரு முறை பார்த்தால் போதும். ஏறியிருந்தால் அன்றைக்கே மகப்பேறு மருத்துவரிடம் காட்டுங்கள்.