குழுவில் சேர்வதற்கு முன்

அன்புள்ள சார்,

ஆறு வருடம் ஒரு நிறுவனத்தில் கிராஃபிக் டிசைனராக இருந்தேன். இரண்டு வருடமாகத் தனியாகச் செய்கிறேன். வேலை வருகிறது, ஆனால் சீராக வருவதில்லை. கிளையன்ட் தேடவும் பணத்துக்கு நடையாய் நடக்கவுமே மாதத்தில் ஒரு வாரம் போய்விடுகிறது. இப்போது, சொந்தமாகத் தொழில் செய்யும் டிசைனர்கள் பன்னிரண்டு பேர் நடத்தும் குழு ஒன்று என்னை ஃப்ரீலான்ஸ் ஒப்பந்தத்தில் சேர அழைக்கிறது. வேலையை அவர்கள் பிடித்துத் தருவார்கள், அதில் 20 சதவீதம் குழுவுக்கு. கிளையன்ட் கொடுத்த பிறகு எனக்குப் பணம் வரும். நான் செய்யும் எல்லாவற்றின் உரிமையும் குழுவுக்கு. விலகினால் ஒரு வருடம் அவர்களுடைய கிளையன்ட்களிடம் வேலை செய்யக் கூடாது. நல்ல மனிதர்களாகத் தெரிகிறார்கள். நிறையக் கேள்வி கேட்டால் தப்பாக நினைப்பார்களோ என்று தயங்குகிறேன். சேரலாமா?

க.

அன்புள்ள க.,

சேரலாம் என்றுதான் எனக்குப் படுகிறது. ஆனால் இப்போது இருக்கிறபடியே கையெழுத்துப் போட வேண்டாம்.

உங்கள் கடிதத்தில் ‘குழு’ என்ற சொல்லும் ‘ஒப்பந்தம்’ என்ற சொல்லும் பக்கத்துப் பக்கத்தில் வருகின்றன. இரண்டும் வேறு வேறு. 1972இல் லண்டனில் ஐந்து பேர் சேர்ந்து பென்டகிராம் என்ற டிசைன் நிறுவனத்தைத் தொடங்கினார்கள். ஆலன் ஃப்ளெட்சர், காலின் ஃபோர்ப்ஸ், மெர்வின் குர்லான்ஸ்கி மூவரும் கிராஃபிக் டிசைனர்கள், தியோ கிராஸ்பி கட்டடக் கலைஞர், கென்னத் கிரேஞ்ச் பொருள் வடிவமைப்பாளர். ஒவ்வொரு பங்குதாரரும் தன் சிறு அணியைத் தானே நடத்துவார், தன் கிளையன்ட்களைத் தானே கவனிப்பார். அந்த வருடம் யார் அதிகம் சம்பாதித்தாலும் பங்குதாரர்களுக்குள் வருமானம் சமம். டிசைனர்கள் சேர்ந்து தொழில் நடத்துவது என்றதும் பலர் மனதில் வருவது இந்த மாதிரிப் படம்தான். உங்களுக்கு வந்திருக்கும் அழைப்பு அது இல்லை. பன்னிரண்டு பேர் முடிவெடுக்கிறார்கள், நீங்கள் பதின்மூன்றாவது ஆளாக வெளியிலிருந்து வேலை செய்து கொடுக்கிறீர்கள். அதில் தவறொன்றும் இல்லை. ஆனால் உறுப்பினருக்கு உள்ள விசுவாசத்தை ஒப்பந்தக்காரரிடம் எதிர்பார்க்கும்போதுதான் சிக்கல் ஆரம்பிக்கிறது.

அதனால் முதல் கேள்வி இது: ஒப்பந்தக்காரராக வருகிறவர் உறுப்பினராக வழி உண்டா? எத்தனை காலத்தில், யார் முடிவெடுப்பார்கள்? மேக்னம் புகைப்படக் குழுவில் இதைப் படிப்படியாக வைத்திருக்கிறார்கள். முதலில் ‘நாமினி’, அதாவது தொடக்கநிலையில் சேர்த்துக்கொள்ளப்பட்டவர், பிறகு ‘அசோசியேட்’ என்ற இடைநிலை, அதற்கும் பிறகுதான் ஓட்டுரிமையுள்ள முழு உறுப்பினர். வருடக்கணக்கில் ஆகும், ஆனால் எந்தப் படியில் நிற்கிறோம் என்பது நிற்பவருக்குத் தெரியும். உங்கள் குழு “அப்படி ஒன்றும் இல்லை, வேலைக்கு வேலை மட்டும்தான்” என்று சொன்னாலும் சரிதான். அப்படியானால் நீங்களும் அவர்களை ஒரு கிளையன்ட்டாகவே நினைத்துக்கொள்ளுங்கள். வேறு இடங்களிலும் வேலை எடுங்கள். வேலை நேரத்தை அவர்கள் குறிப்பார்கள், வெளிவேலை எடுக்கக் கூடாது என்பார்கள், ஆனால் விடுப்பும் காப்பீடும் கிடையாது என்றால், அது சலுகை இல்லாத சம்பள வேலை. பல நாடுகளின் தொழிலாளர் சட்டங்கள் ஒப்பந்தத்தில் எழுதியிருக்கும் பெயரைவிட இந்த நடைமுறையைத்தான் பார்க்கின்றன.

20 சதவீதம் எனக்கு அதிகமாகத் தெரியவில்லை. மாதத்தில் ஒரு வாரம் கிளையன்ட் தேடவும் பாக்கி வசூலிக்கவும் போகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அது உங்கள் நேரத்தில் ஏறக்குறைய கால்பங்கு. அந்த வாரம் முழுதாகத் திரும்பக் கிடைத்தால் கமிஷன் நியாயமானது. கிளையன்ட்டோடு பேசுவது, திருத்தங்களுக்கு மல்லுக்கட்டுவது, பில் போடுவது எல்லாம் உங்கள் தலையிலேயே இருக்குமானால் அது நியாயமில்லை. அப்புறம், எதில் 20 சதவீதம்? கிளையன்ட்டிடம் சொன்ன மொத்தத் தொகையை உங்களுக்கும் காட்டுவார்களா? அது தெரியாவிட்டால் சதவீதத்துக்குப் பொருளே இல்லை.

எனக்குப் பெரிய உறுத்தல், ‘கிளையன்ட் கொடுத்த பிறகு’ என்ற வரி. அந்த ஒரு வரியால், கிளையன்ட் பணம் தராமல் போகும் அபாயம் முழுவதும் உங்கள் பக்கம் வந்துவிடுகிறது. கிளையன்ட்டைத் தேர்ந்தெடுத்தது அவர்கள், அட்வான்ஸ் வாங்கினார்களா இல்லையா என்பதும் அவர்கள் கையில். இளவயதில் நண்பர்கள் நடத்திய குழு ஒன்றுக்குப் புத்தக அட்டைகள் வரைந்து கொடுத்தேன். பதிப்பாளர் இழுத்தடித்தார். எட்டு மாதம் கழித்துப் பாதிப் பணம்தான் வந்தது. அவர்கள் என்னை ஏமாற்றவில்லை, அவர்களுக்கும் வரவில்லை. ஆனாலும் அந்த நட்பு பழையபடி ஆகவில்லை. எந்தத் தேதிக்குள் என்று ஒரு வரி எழுதியிருந்தால் அது பிழைத்திருக்கும் என்று இன்றும் நினைக்கிறேன். நீங்கள் கேட்க வேண்டியது: பில் கொடுத்த 45 நாளுக்குள், கிளையன்ட் தந்தாலும் தராவிட்டாலும் பணம். அது முடியாது என்றால், தொடக்கத்திலேயே கிளையன்ட்டிடம் பாதித்தொகை வாங்கி அதில் உங்கள் பங்கைத் தர வேண்டும். பாதியில் வேலை நின்றால் அதுவரை செய்ததற்கு என்ன என்பதையும் எழுதச் சொல்லுங்கள்.

அடுத்தது உரிமை. பல நாடுகளில், சம்பளத்துக்கு இருப்பவர் செய்ததன் பதிப்புரிமை நிறுவனத்துக்கு. வெளியாள் செய்தது, எழுத்தில் மாற்றித் தராதவரை பெரும்பாலும் செய்தவருக்கே. அதனால்தான் உங்களிடம் எழுதி வாங்குகிறார்கள். லோகோவின் உரிமை கிளையன்ட்டுக்குப் போய்த்தான் ஆக வேண்டும், அதை மறுக்க முடியாது. ஆனால் மூன்று திருத்தம் கேளுங்கள். முழுப்பணம் வந்த பிறகே உரிமை மாறும். கிளையன்ட் ஏற்றுக்கொண்ட இறுதி வடிவத்துக்கு மட்டுமே அது பொருந்தும், ஒதுக்கிவிட்ட மாதிரிகள் உங்களுடையவை. வேலை வெளியான பிறகு, செய்த வேலைகளைக் காட்டும் உங்கள் தொகுப்பில், அதாவது போர்ட்ஃபோலியோவில், உங்கள் பெயரோடு அதைக் காட்டலாம். கடைசியை விட்டுக்கொடுக்கவே கொடுக்காதீர்கள். இரண்டு வருடம் குழுவில் உழைத்துவிட்டு, காட்ட ஒன்றும் இல்லாமல் வெளியே வரும் டிசைனர் புதிதாக ஆரம்பிக்க வேண்டியிருக்கும். 1947இல் கேப்பா, கார்ட்டியே-ப்ரெஸ்ஸோன், செய்மூர், ராட்ஜர் ஆகிய புகைப்படக்காரர்கள் மேக்னத்தைத் தொடங்கியதே, தங்கள் படங்களின் உரிமை பத்திரிகைகளுக்குப் போகாமல் தங்களிடமே இருக்க வேண்டும் என்றுதான். படைப்பாளிகள் குழுவாகச் சேர்வதற்கு அதைவிட நல்ல காரணம் எனக்குத் தெரியவில்லை. உரிமையைப் பறிப்பதற்கே ஒரு குழு என்றால் மனம் ஒப்பவில்லை.

ஒரு வருடத் தடையில் பெரிய ஆட்சேபம் இல்லை, அது குழு மூலம் நீங்கள் வேலை செய்த கிளையன்ட்களோடு நின்றால். நீங்கள் கூட்டிவந்த கிளையன்ட் உங்களோடு போகலாம் என்று சேர்க்கச் சொல்லுங்கள். ஃபாண்ட் லைசென்ஸ் (எழுத்துருவைப் பயன்படுத்தும் உரிமம்) யார் வாங்குவது, எத்தனை முறை திருத்தம் என்பவை சின்ன விஷயங்கள், பேசினால் முடியும்.

உங்கள் தயக்கத்துக்கு வருகிறேன். அந்தப் பன்னிரண்டு பேரும் தனியாகத் தொழில் செய்கிறவர்கள். இதே கேள்விகளைத் தங்கள் கிளையன்ட்களிடம் கேட்டுக் கேட்டுப் பழகியவர்கள். உங்களிடமிருந்து அவை வந்தால் முகம் சுளிக்க மாட்டார்கள், நல்லவர்கள் என்று நீங்கள் நினைப்பது உண்மையானால். முடிந்தால் அங்கிருந்து விலகிய ஒருவரிடம் பேசிப் பாருங்கள். வேலையைப் பற்றி வேண்டாம், கடைசி பில்லின் பணம் எப்போது வந்தது என்று மட்டும் கேளுங்கள்.

அப்புறம், வருடக் கணக்கில் ஒப்புக்கொள்ளாமல் முதலில் ஒரே ஒரு வேலைக்கு மட்டும் எழுதிக்கொள்ளுங்கள். சின்ன வேலையாக இருக்கட்டும். அதில் யார் உங்களோடு உட்கார்ந்து பேசினார்கள், உங்கள் வரைவை யார் பார்த்துக் கருத்துச் சொன்னார்கள் என்று கவனியுங்கள். இரண்டு வருடமாகத் தனியே உட்கார்ந்து வேலை செய்கிற உங்களுக்குப் பணத்தைவிட அதுதான் அதிகம் தேவைப்படுகிறதோ என்று கடிதத்தைப் படித்தபோது தோன்றியது. அது அங்கே கிடைக்கிறது என்றால், கமிஷனில் இரண்டொரு சதவீதம் கூடினாலும் நான் சேரவே சொல்வேன்.

அன்புடன்.