கப்பல் வைஃபை ஃபோனில் வருகிறது, லேப்டாப்பில் மட்டும் வரவில்லை. ஏன்?

கேள்வி இதுதான்: "குரூஸ் கப்பலில் இணையப் பேக்கேஜ் வாங்கியிருக்கிறேன். ஃபோனில் நன்றாக வேலை செய்கிறது. லேப்டாப்பிலும் வைஃபை இணைந்துவிட்டதாகத்தான் காட்டுகிறது, ஆனால் எந்தத் தளமும் திறக்கவில்லை. என்ன செய்வது?"

பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன், காரணத்துக்கு அப்புறம் வரலாம். லேப்டாப்பில் விபிஎன் (உங்கள் இணையப் போக்குவரத்தைப் பூட்டி வேறொரு சர்வர் வழியாக அனுப்பும் ஆப்) ஓடினால் நிறுத்துங்கள். ஃபோனில் கப்பல் இணையத்திலிருந்து லாக் அவுட் செய்யுங்கள். லேப்டாப்பில் வைஃபையைத் துண்டித்து மறுபடி இணையுங்கள். பிறகு பிரவுசரின் முகவரிப் பட்டையில் நெவர்எஸ்எஸ்எல் டாட் காம் என்று, நெவர், எஸ்எஸ்எல் இரண்டுக்கும் நடுவே இடைவெளி விடாமல், ஆங்கிலத்தில் டைப் செய்து என்டர் தட்டுங்கள். கப்பலின் லாகின் பக்கம் வர வேண்டும். வந்துவிட்டால் கேபின் எண், பெயர், பிறந்த தேதி என்று அது கேட்பதைக் கொடுங்கள். பெரும்பாலானவர்களுக்கு வேலை இத்தோடு முடிந்துவிடும்.

முடியாதவர்களில் நானும் ஒருவன். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

என் இரண்டாவது கப்பல் பயணம் அது. எந்தத் துறைமுகத்திலும் நிற்காமல் நாள் முழுக்கக் கடலில் போகும் நாள். ஓர் ஒப்பந்த வரைவைத் திருத்தி மாலைக்குள் அனுப்பியாக வேண்டும். பக்கத்தில் என் மனைவி ஃபோனில் படங்கள் அனுப்பிக்கொண்டிருக்கிறாள். என் லேப்டாப்பில் வைஃபை கோடுகள் எல்லாம் முழுசாக இருக்கின்றன, கீழே மட்டும் "நோ இன்டர்நெட்" என்று நிற்கிறது. வைஃபையை அணைத்துப் போட்டேன். ரீஸ்டார்ட் செய்தேன். சிக்னல்தான் பிரச்சினை என்று நினைத்து லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு இரண்டு தளம் ஏறிப் போனேன். காலை ஒன்பது மணிக்கு ஆரம்பித்தது, பதினொன்றரை ஆகியும் அதே வாசகம்தான்.

கடைசியில் வரவேற்பு மேசைக்குப் போனேன். அங்கிருந்த பெண் சிக்னலைப் பற்றி ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பி, நெட்வொர்க் செட்டிங்ஸைத் திறந்து, "டிஎன்எஸ்ஸை நீங்களே மாற்றி வைத்தீர்களா?" என்று கேட்டார். டிஎன்எஸ் என்பது தளத்தின் பெயரைக் கேட்டு எண் முகவரியைத் தரும் சேவை. வீட்டு இணையம் வேகமாக வரட்டும் என்று பல மாதங்களுக்கு முன் அதில் கூகுளின் 8.8.8.8 என்ற எண்ணைக் கையால் போட்டு வைத்திருந்தேன். அது சுத்தமாக நினைவில் இல்லை. அதை ஆட்டோமேட்டிக்காக மாற்றினார். வைஃபையைத் துண்டித்து இணைத்தார். பிரவுசரில் எச்டிடிபி என்று தொடங்கும் சாதாரண முகவரி ஒன்றை அடித்தார். திரை சில நொடிகள் வெள்ளையாக நின்றது. அப்புறம் நீல நிறத்தில் கப்பலின் லாகின் பக்கம் மெதுவாக மேலிருந்து கீழே விரிந்தது. எல்லாம் சேர்த்து நான்கு நிமிடம்கூட ஆகியிருக்காது.

அன்று எனக்குப் புரிந்த விஷயம் ஒன்றுதான். கப்பலில் வைஃபையில் இணைவது வேறு, இணையத்துக்குள் போவது வேறு. வைஃபை பெரும்பாலும் பாஸ்வேர்டு இல்லாமல் திறந்தே கிடக்கும். கப்பல் ஆப், அன்றைய நிகழ்ச்சிப் பட்டியல் எல்லாம் காசு கட்டாமலே அதில் வரும். இணையம் அதற்கு அடுத்த கதவு. அந்தக் கதவின் சாவி லாகின் பக்கம்.

அந்தப் பக்கம் எப்படி வருகிறது என்று தெரிந்தால் ஏன் வரவில்லை என்பதும் தெரிந்துவிடும். நீங்கள் ஏதோ ஒரு தளத்தைக் கேட்கிறீர்கள். கப்பலின் நெட்வொர்க் அந்தக் கோரிக்கையை வழியில் பிடித்து, கேட்ட தளத்துக்குப் பதிலாகத் தன் லாகின் பக்கத்தைக் கொடுக்கிறது. பூட்டு இல்லாத பழைய எச்டிடிபி முகவரிகளில் இது சுலபம். இன்று கூகுள், ஜிமெயில், வங்கித் தளங்கள் எல்லாம் எச்டிடிபிஎஸ், அதாவது பூட்டு உள்ளவை. நடுவில் யாரோ புகுந்து வேறு பக்கத்தைக் கொடுத்தால் பிரவுசர் அதைத் திருட்டு முயற்சி என்று கருதித் தடுத்துவிடும். தளத்தின் அடையாளச் சான்றான சர்டிஃபிகேட் சரியில்லை என்று எச்சரிக்கை வரும், அல்லது பக்கம் சுற்றிக்கொண்டே இருக்கும். உங்கள் லேப்டாப் தன் கடமையைத்தான் செய்கிறது. அதனால் கூகுளைத் திரும்பத் திரும்பத் திறந்து பார்ப்பதில் பயனில்லை. நெவர்எஸ்எஸ்எல் என்ற தளம் வேண்டுமென்றே பூட்டு இல்லாமல் வைக்கப்பட்டிருக்கிறது, இந்த ஒரு வேலைக்காகவே.

விண்டோஸ், மேக் இரண்டுமே வைஃபையில் இணைந்தவுடன் தாங்களாகவே ஒரு சோதனை முகவரியைக் கேட்டுப் பார்க்கும். மேக் கேப்டிவ் டாட் ஆப்பிள் டாட் காமையும், விண்டோஸ் மைக்ரோசாஃப்ட்டின் இன்னொரு முகவரியையும் கேட்கும். எதிர்பார்த்த பதில் வராவிட்டால் லாகின் பக்கத்தைத் தானாகத் திறந்து காட்டும். ஃபோனில் நீங்கள் எதுவும் செய்யாமலே பக்கம் வந்தது இப்படித்தான். லேப்டாப்பில் அந்தச் சோதனைக்கு நடுவில் ஏதாவது குறுக்கே நிற்கும்.

குறுக்கே நிற்பவற்றில் முதல் சந்தேகம் விபிஎன் மேல்தான். லேப்டாப் ஆன் ஆனவுடன் தானாக இணைய முயலும் விபிஎன்கள் பல, தாங்கள் இணையும்வரை வேறு எதையும் வெளியே விடாது. ஆனால் லாகின் செய்யாமல் விபிஎன் இணையவே முடியாது. இரண்டும் ஒன்றுக்கொன்று காத்துக்கொண்டு நிற்கும். விபிஎன் ஆப்பை மூடினால் மட்டும் போதாது, அதற்குள் இப்படித் தடுக்கும் "கில் ஸ்விட்ச்" என்று ஒன்று இருந்தால் அதையும் அணைக்க வேண்டும். லாகின் முடிந்ததும் விபிஎன்னை மறுபடி போட்டுக்கொள்ளலாம். பாஸ்வேர்டு இல்லாத பொது வைஃபையில் போட்டுக்கொள்வதே நல்லது. ஆனால் சில பேக்கேஜ்களில் விபிஎன்னுக்கு அனுமதி இல்லை. வாங்கும்போதே கேட்டுவிடுங்கள்.

அடுத்தது டிஎன்எஸ். பல கப்பல்களில் லாகின் பக்கத்தின் பெயர் கப்பலின் சொந்த டிஎன்எஸ்ஸுக்கு மட்டுமே தெரியும். வெளியிலிருக்கும் டிஎன்எஸ்ஸிடம் கேட்டால் அப்படி ஒரு பெயரே இல்லை என்று சொல்லும், அல்லது கேள்வியே வெளியே போகாது. என் லேப்டாப்பில் நடந்தது அதுதான். செட்டிங்ஸில் ஆட்டோமேட்டிக் என்று வைத்த பிறகும் வரவில்லையென்றால் பிரவுசருக்குள் போய்ப் பாருங்கள். குரோம், எட்ஜ், ஃபயர்ஃபாக்ஸ் எல்லாவற்றிலும் "செக்யூர் டிஎன்எஸ்" அல்லது "டிஎன்எஸ் ஓவர் எச்டிடிபிஎஸ்" என்று ஒன்று உண்டு. அதைத் தற்காலிகமாக அணைக்க வேண்டியிருக்கலாம்.

அலுவலக லேப்டாப்பில் இதையெல்லாம் நீங்களே மாற்ற முடியாமல் போகலாம், அட்மின் அனுமதி கேட்கும். அதைக் கப்பலில் ஏறிய பிறகு கண்டுபிடித்தால் ரொம்பக் கஷ்டம். ஐடி ஆட்களைத் தொடர்புகொள்ளவே இணையம் வேண்டும், இணையம்தான் இல்லை. கிளம்புவதற்கு முன்பே அவர்களிடம், "லாகின் பக்கம் கேட்கும் வைஃபையில் இந்த லேப்டாப் இணையுமா?" என்று கேளுங்கள். லாகின் பக்கத்துக்காக மட்டும் சில நிமிடம் வழிவிடும் வசதி சில அலுவலக விபிஎன்களில் இருக்கிறது, அவர்கள் அதை இயக்கித் தர வேண்டும். லாகின் பக்கம் கேட்கும் ஏதாவது ஒரு பொது வைஃபையில் ஒருமுறை இணைத்துப் பார்த்துவிடுங்கள். அங்கே நடந்தால் கப்பலிலும் அநேகமாக நடக்கும்.

சின்ன விஷயம் ஒன்று, கடிகாரம். கப்பல் நேர மண்டலம் தாண்டும்போது கடிகாரத்தைக் கையால் மாற்றுகிறவர்கள் சில சமயம் தேதியையும் மாற்றிவிடுகிறார்கள். தேதி தப்பாக இருந்தால் பாதுகாப்பான தளங்கள் சர்டிஃபிகேட் எரர் காட்டலாம். நேர மண்டலத்தை மட்டும் மாற்றுங்கள்.

இப்போது லாகின் பக்கம் வருகிறது, ஆனால் உள்ளே விடவில்லை என்று வைத்துக்கொள்வோம். ஒரு சாதனத்துக்கான பேக்கேஜ் என்றால் அந்த இடத்தை ஃபோன் பிடித்துக்கொண்டிருக்கும். ஃபோனில் வைஃபையை அணைத்தால் இடம் காலியாகிவிடும் என்று நினைக்காதீர்கள், பல கப்பல்களில் ஆகாது. முறையாக லாக் அவுட் செய்ய வேண்டும், அல்லது "மற்ற சாதனத்தைத் துண்டி" என்ற பட்டன் லாகின் பக்கத்திலேயே வரும். அது எங்கே இருக்கிறது என்று முதல் நாளே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

சாதனங்களை நெட்வொர்க் அடையாளம் காண்பது பெரும்பாலும் அவற்றின் வைஃபை வன்பொருள் எண்ணை வைத்துத்தான். இன்றைய லேப்டாப்கள் அந்த எண்ணை மறைத்துப் போலி எண் காட்டும் வசதியோடு வருகின்றன. விண்டோஸில் "ராண்டம் ஹார்டுவேர் அட்ரஸஸ்", மேக்கில் 2024-இல் வந்த செக்கோயா பதிப்பிலிருந்து "பிரைவேட் வைஃபை அட்ரஸ்". நல்ல வசதிதான். ஆனால் எண் நடுவில் மாறினால் கப்பலுக்கு நீங்கள் புது ஆள், மறுபடி லாகின் கேட்கும், அல்லது சாதன எண்ணிக்கை தாண்டிவிட்டது என்று சொல்லும். கப்பலின் வைஃபைக்கு மட்டும் அதை அணைத்து வையுங்கள்.

லாகின் பக்கமே வராமல், நெட்வொர்க் செட்டிங்ஸில் தெரியும் உங்கள் ஐபி முகவரி 169.254 என்று தொடங்கினால் மேலே சொன்ன எதுவும் உதவாது. கப்பல் உங்களுக்கு முகவரியே தரவில்லை என்று அர்த்தம். அந்த நெட்வொர்க்கை "ஃபர்கெட்" செய்துவிட்டு மறுபடி இணையுங்கள். கேபின்களின் சுவர் எஃகு, வைஃபை அதைத் தாண்டச் சிரமப்படும். கதவை ஒட்டி உட்கார்ந்தால் நன்றாக வருவது பல கேபின்களில் நான் கண்டது, பல கப்பல்களில் வைஃபை கருவிகள் நடைபாதைகளில்தான் இருக்கும்.

ஃபோன் இணைப்பை லேப்டாப்புக்குப் பகிரலாமே என்று சிலர் கேட்பார்கள். பல ஆண்ட்ராய்டு ஃபோன்கள் தாங்கள் வாங்கும் வைஃபையையே ஹாட்ஸ்பாட்டாகத் தரும். ஐஃபோன் தராது, அதன் ஹாட்ஸ்பாட் மொபைல் டேட்டாவை மட்டுமே பகிரும். கப்பலின் விதிகளில் அனுமதி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஓர் இணைப்பைப் பல சாதனங்களுக்குப் பிரித்துத் தரும் பயண ரவுட்டரைப் பொறுத்தவரை விதி இன்னும் கண்டிப்பானது. தடைசெய்த பொருட்கள் பட்டியலில் அதைச் சேர்த்திருக்கும் கப்பல் நிறுவனங்கள் பல. ஏறும்போதே வாங்கி வைத்துக்கொள்வார்கள்.

பக்கம் திறக்க நேரமாவதற்குக் காரணம் வானத்தில் இருக்கிறது. பூமிக்கு மேல் 35,786 கிலோமீட்டரில் நிற்கும் புவிநிலைச் செயற்கைக்கோள் வழியாக இணைப்பு வந்தால், உங்கள் கோரிக்கை ஏறி இறங்கி, பதில் ஏறி இறங்கி, சுமார் 1,43,000 கிலோமீட்டர் பயணம். ஒளியின் வேகத்திலேயே போனாலும் கிட்டத்தட்ட அரை நொடி. ஒரு பக்கம் திறக்க இப்படிப் பல சுற்றுகள் வேண்டும். சுமார் 8,000 கிலோமீட்டரில் சுற்றும் செயற்கைக்கோள்கள் வந்தபோது நிலைமை கொஞ்சம் தேறியது. சில நூறு கிலோமீட்டரில் சுற்றும் ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்களின் இணையத்தைத் தன் கப்பல்களில் பொருத்தப்போவதாக ராயல் கரீபியன் 2022-இல் அறிவித்தது, மற்ற நிறுவனங்களும் அந்த வழியில் போயின. ஸ்டார்லிங்க் உள்ள கப்பலில் வீடியோ மீட்டிங் நடத்த முடிகிறது. ஆனால் எந்தச் செயற்கைக்கோளாக இருந்தாலும் ஆயிரக்கணக்கானவர்கள் ஒரே இணைப்பைப் பகிர்கிறார்கள். லாகின் பக்கம் பாதியில் நின்றால் ரிஃப்ரெஷ் அடிக்காமல் ஒரு நிமிடம் பொறுங்கள். கனமான வேலை இருந்தால் அதிகாலையில் செய்யுங்கள்.

லேப்டாப் உள்ளே போன அடுத்த நொடியே இன்னொன்று நடக்கும், இது ஃபோனில் இவ்வளவு இல்லாத தொல்லை. விண்டோஸ் அப்டேட், ஒன்டிரைவ், டிராப்பாக்ஸ், ஐகிளவுட் எல்லாம் பசியோடு காத்திருந்ததுபோல் ஒரே நேரத்தில் இழுக்க ஆரம்பிக்கும். நீங்கள் அனுப்ப வேண்டிய ஒரு மெயில் அதற்குப் பின்னால் வரிசையில் நிற்கும். விண்டோஸில் கப்பல் வைஃபையை "மீட்டர்டு கனெக்ஷன்" என்றும், மேக்கில் "லோ டேட்டா மோட்" என்றும் மாற்றுங்கள். கோப்புகளை ஒத்திசைக்கும் ஆப்களைக் கையால் நிறுத்தி வையுங்கள். லாகின் முடிந்தும் எதுவும் நகரவில்லை என்பவர்களிடம் நான் முதலில் கேட்பது இதைத்தான்.

கடைசியாக ஓடிபி. இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. நடுக்கடலில் ஃபோனுக்கு உங்கள் மொபைல் நிறுவனத்தின் சிக்னல் கிடையாது, எஸ்எம்எஸ் வராமல் போகலாம். கப்பலிலேயே ஒரு மொபைல் நெட்வொர்க் இருக்கலாம், ஆனால் அதன் ரோமிங் கட்டணம் கடுமையானது, ஃபோனை ஏர்பிளேன் மோடில் வைத்து வைஃபையை மட்டும் போடுங்கள். லேப்டாப் புது நெட்வொர்க்கில் இருப்பதைப் பார்த்ததும் மெயில், வங்கி, அலுவலகக் கணக்கு எல்லாம் உங்களை மறுபடி சரிபார்க்கும், எஸ்எம்எஸ் அனுப்பிவிட்டுக் காத்திருக்கும். நான் அந்த வரைவை அனுப்பத் தாமதமானதில் கடைசி அரை மணி நேரம் இதற்குத்தான் போனது. கரையில் இருக்கும்போதே ஆதன்டிகேட்டர் ஆப்புக்கு மாறிவிடுங்கள். 30 நொடிக்கு ஒருமுறை மாறும் அந்த எண்ணை உங்கள் ஃபோனே கணக்கிடுகிறது, அதற்கு இணையமோ சிக்னலோ வேண்டாம். பேக்கப் கோட்களை ஒரு தாளில் எழுதி பாஸ்போர்ட்டோடு வைத்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவும் செய்து லாகின் பக்கம் வரவில்லையென்றால், லேப்டாப்பை எடுத்துக்கொண்டு வரவேற்பு மேசைக்குப் போங்கள், ஃபோனில் எடுத்த ஸ்கிரீன்ஷாட் மட்டும் போதாது. சார்ஜரையும் கொண்டு போங்கள், ஏறும் நாள் மாலையில் அங்கே வரிசை நீளமாக இருக்கும்.