800-ஐ 600 ஆக்கினால் ஓ.டி. எங்கே போகும்?

கேள்வி: சிங்கப்பூரில் கட்டுமான வேலை, ஒர்க் பெர்மிட். ஐபிஏ கடிதத்தில் (பெர்மிட்டுக்கு முன் மனிதவள அமைச்சு தரும் கொள்கை அளவிலான அனுமதிக் கடிதம்) அடிப்படைச் சம்பளம் 800 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), அலவன்ஸ் 150. வாரம் 6 நாள், 44 மணி நேரம். போன மாதம் டைம் கார்டுப்படி ஓ.டி. 60 மணி. அது போக 2 ஞாயிறு முழு நாள் வேலை. சம்பளச் சீட்டில் அடிப்படை 600, அலவன்ஸ் 350 என்று இருக்கிறது. சாப்பாட்டுக்கு 140 பிடித்தது போக 1,139 வெள்ளி 36 காசு வந்தது. மொத்தம் 950 அப்படியே இருக்கிறதே, சரிதானே?

பதில்: சரியில்லை. 171 வெள்ளி குறைகிறது. அது தொலைந்த இடமே நீங்கள் ‘அப்படியே இருக்கிறதே’ என்கிற அந்த 950தான்.

ஓ.டி. கணக்குக்கு அலவன்ஸைச் சேர்க்க மாட்டார்கள், அடிப்படைச் சம்பளம் மட்டும்தான். அதை 12-ஆல் பெருக்கி 2,288-ஆல் வகுத்தால் ஒரு மணி நேரக் கூலி. (52 வாரம், வாரத்துக்கு 44 மணி, அதுதான் 2,288.) 800-க்கு 4 வெள்ளி 20 காசு வரும். ஓ.டி.க்கு அதில் ஒன்றரை மடங்கு, 6 வெள்ளி 29 காசு. இவ்வளவு பெருக்க வேண்டாம் என்றால் அடிப்படைச் சம்பளத்தை 127-ஆல் வகுங்கள். ஒரு காசு இரண்டு காசுதான் வித்தியாசம் வரும். சில ஆபீஸ்களில் 26 நாள், 8 மணி என்று 208-ஆல் வகுத்துக் கொடுப்பார்கள். அப்படிச் செய்தால் உங்களுக்கு மணிக்கு 52 காசு போய்விடும்.

உங்கள் கம்பெனி அந்த வேலையைக்கூடச் செய்யவில்லை. அடிப்படையை 600 என்று எழுதி, வெட்டிய 200-ஐ அலவன்ஸில் போட்டுவிட்டது. 600-க்கு ஓ.டி. 4 வெள்ளி 72 காசுதான். 60 மணிக்கு 377.40 வரவேண்டிய இடத்தில் 283.20 வந்திருக்கிறது. இங்கே மட்டும் 94 வெள்ளி 20 காசு அவுட்.

ஐபிஏ-வில் எழுதிய தொகையைக் கம்பெனி தானாகக் குறைக்க முடியாது. நீங்கள் எழுத்தில் சம்மதிக்க வேண்டும், மனிதவள அமைச்சுக்கும் தெரியப்படுத்த வேண்டும். இங்கே வந்து இறங்கிய முதல் வாரத்தில் நாலைந்து தாளை நீட்டி, ‘ஃபார்மாலிட்டிதான், போடு’ என்று கையெழுத்து வாங்கியிருந்தால் அதில் என்ன இருந்தது என்று இப்போதாவது கேளுங்கள். எழுதாத தாளில் கையெழுத்துப் போடவே போடாதீர்கள்.

மீதி 77 வெள்ளி ஞாயிற்றுக்கிழமையில் போனது. ஒரு நாள் கூலி என்பது 800-ஐ 12-ஆல் பெருக்கி 312-ஆல் (52 வாரம், வாரத்துக்கு 6 நாள்) வகுத்தது, 30 வெள்ளி 77 காசு. ஓய்வு நாளில் முதலாளி கூப்பிட்டு நீங்கள் பாதி நாளுக்கு மேல் வேலை பார்த்தால் 2 நாள் கூலி. நீங்களே கேட்டு வந்தால் 1 நாள் கூலிதான். இந்த வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டுதான் விளையாடுகிறார்கள். ‘என் சொந்த விருப்பத்தின் பேரில் ஞாயிறு வேலைக்கு வருகிறேன்’ என்று அச்சடித்த தாள் சைட்டில் தயாராக இருக்கும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் களைப்பில் இருக்கும்போது வரிசையாகக் கையெழுத்து வாங்குவார்கள். நீங்கள் கேட்காவிட்டால் போடாதீர்கள். ‘ஞாயிறு எல்லாரும் 7:30-க்கு லாரியில் ஏறணும்’ என்று சூப்பர்வைசர் வாட்ஸ்அப்பில் போட்டிருந்தால் அதை அழிக்காதீர்கள். கூப்பிட்டது யார் என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். உங்களுக்கு 2 ஞாயிறுக்கு வரவேண்டியது 123.08. அவர்கள் 600 கணக்கில், ஒரு ஞாயிறுக்கு ஒரு நாள் கூலி வீதம் இரண்டுக்கும் சேர்த்து 46.16 போட்டிருக்கிறார்கள்.

மொத்தமாகப் பார்த்தால் 950, ஓ.டி. 377.40, ஞாயிறு 123.08; சாப்பாடு 140 கழித்தால் கையில் 1,310 வெள்ளி 48 காசு. சாப்பாட்டுக் காசு நீங்கள் ஒப்புக்கொண்டதாக இருந்தால் பிடிக்கலாம். லெவியை (வெளிநாட்டு ஊழியருக்காக முதலாளி அரசாங்கத்துக்குக் கட்டும் வரி) உங்கள் தலையில் கட்டக் கூடாது. பெர்மிட் புதுப்பிக்க ரொக்கமாகக் கேட்பதும் குற்றம்.

ஊரில் ஏஜென்ட் ‘ஓ.டி. எல்லாம் சேர்த்து 1,500 நிச்சயம்’ என்று சொல்லியிருப்பார். அந்த வாய்க்கணக்கு எங்கேயும் செல்லாது. ஐபிஏ தமிழிலும் கிடைக்கும். மங்கலான போட்டோ போதாது, முழுக் கடிதமாக வாங்கிவைத்துக்கொள்ளுங்கள்.

ஓ.டி. காசு சம்பளக் காலம் முடிந்து 14 நாளுக்குள் வரவேண்டும், அதுவரை பொறுங்கள். ஓ.டி. மாதம் 72 மணிக்கு மேல் போகக் கூடாது என்பது முதலாளிக்கான கட்டுப்பாடு. மீறி வாங்கிய வேலைக்கும் கூலி உண்டு. டைம் கார்டை ஆபீஸில் ஒப்படைக்கும் முன் தினமும் போட்டோ எடுங்கள்.

கம்பெனி மசியாவிட்டால் டேட்எம்-இல் (TADM, சம்பளத் தகராறுகளைச் சமரசம் செய்யும் அமைப்பு) புகார் கொடுக்கலாம். வேலையில் இருக்கும்போது ஓராண்டுக்குள், வேலையை விட்டிருந்தால் கடைசி நாளிலிருந்து 6 மாதத்துக்குள். முதலில் சமரசப் பேச்சுதான் நடக்கும். பெர்மிட்டை ரத்து செய்யும் அதிகாரம் முதலாளி கையில் இருக்கும்போது என்ன சமரசம் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான், ஆனால் வழி அதுதான். அங்கே ‘பாதி வாங்கிக்கொள்’ என்பார்கள். எழுதிய கணக்கு கையில் இருந்தால், எதில் பாதி என்றாவது உங்களுக்குத் தெரியும்.