ஆகஸ்டில் இலங்கை: பத்து இரவுகளை எந்தப் பக்கம் கழிப்பது?

கேள்வி: ஆகஸ்ட் முதல் வாரத்தில் கொழும்பு விமான நிலையத்தில் இறங்குகிறோம். பத்து இரவுகள் தங்கிவிட்டு அங்கிருந்தே திரும்ப வேண்டும். நான், கணவர், 11 வயது மகன், 7 வயது மகள், முழங்கால் வலி உள்ள 70 வயது அம்மா. பிள்ளைகளுக்கு யானையும் கடலும் வேண்டும், கணவருக்கு மலை ரயில், அம்மாவுக்குக் கோயில். காலி, எல்ல, கண்டி, சிகிரியா, திருகோணமலை, யாழ்ப்பாணம் என ஆறு இடங்கள் பட்டியலில் இருக்கின்றன. எதை எடுப்பது, எதை விடுவது?

பதில்: பட்டியலை ஓரமாக வைத்துவிட்டு முதலில் மாதத்தைப் பாருங்கள். எந்த ஊர் அழகு என்று கேட்டால் இலங்கையில் முடிவே கிடைக்காது, ஆறுமே அழகுதான். ஆகஸ்டில் எந்தப் பக்கம் வெயில், எந்தப் பக்கம் மழை என்று கேட்டால் பாதித் தீவு தானாகவே கழிந்துவிடும்.

மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று வீசும். கடலிலிருந்து ஈரத்தோடு வரும் காற்று, தீவின் நடுவில் 2,500 மீட்டர் வரை உயர்ந்து நிற்கும் மலைகளில் மோதி மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிடுகிறது. மலையைத் தாண்டிக் கிழக்குப் பக்கம் இறங்கும்போது அதே காற்று வறண்டு சூடாகிவிடும். கிழக்கு மாகாணத்தில் இதைக் கச்சான் என்பார்கள். அதனால் ஆகஸ்டில் காலி, மிரிஸ்ஸ பக்கம் கடல் கொந்தளிப்பாக இருக்கும். திருகோணமலை, பாசிக்குடா பக்கம் கடல் அமைதியாகக் கிடக்கும். நவம்பருக்குப் பிறகு வாடைக்காற்று வந்தால் எல்லாம் தலைகீழ்.

ஆகவே காலியை இந்த முறை விட்டுவிடுங்கள். கோட்டைக்குள் குடையோடு நடந்து பார்க்கலாம், அதில் தவறில்லை. ஆனால் ஏழு வயதுக் குழந்தை கடலைப் பார்த்துக்கொண்டே கரையில் உட்கார்ந்திருக்க வேண்டும் என்றால் அதைவிடக் கொடுமை இல்லை. தென்கரைக் கடலில் அந்த மாதங்களில் இழுவை அதிகம், பிள்ளைகளை இறக்கவே கூடாது.

மலை ரயில் விஷயம் கொஞ்சம் சிக்கலானது. உங்கள் கணவருக்காக இதை விரிவாகவே சொல்கிறேன். மலைநாடு முழுவதும் ஆகஸ்டில் நனைந்து கிடக்கும் என்று பலர் நினைக்கிறார்கள், அது சரியில்லை. ஹட்டன், நுவரெலியா பக்கம் மூடுபனியும் தூறலும் இருக்கும். தண்டவாளம் கிழக்குச் சரிவுக்கு வந்து பண்டாரவளை, எல்ல பக்கம் இறங்கும்போது வானம் வெளுத்துவிடும். அந்தப் பகுதியின் ஊவா தேயிலைக்குப் பேர் வாங்கித் தருவதே ஜூலை முதல் செப்டம்பர் வரை அங்கே வீசும் இந்த வறண்ட காற்றுதான். அப்படியென்றால் போகலாமே என்று தோன்றும். தடையாக இருப்பது மழை இல்லை, நேரம். கண்டியிலிருந்து எல்லவுக்கு ரயிலில் ஆறேழு மணி நேரம். அதற்கு முன் கண்டிக்குப் போக ஒரு நாள், பிறகு எல்லவிலிருந்து திரும்ப ஒரு நாள். பத்து இரவில் மூன்றை அதற்கே கொடுத்துவிட்டால் யானையும் கடலும் அவசரமாகிவிடும். ஐந்து பேரில் ஒருவருடைய ஆசைக்காக மற்ற நால்வரும் வண்டியிலேயே உட்கார்ந்திருக்க நேரும். கணவரிடம் இதைப் பேசுங்கள். அவருடைய ரயிலுக்கு ஜனவரி முதல் மார்ச் வரை நல்ல காலம், அப்போது தென்கரையையும் சேர்த்துக்கொள்ளலாம்.

சரி, போக வேண்டியது எங்கே? சிகிரியா, பொலன்னறுவை இருக்கும் வறண்ட வலயமும் திருகோணமலைக் கடற்கரையும். இரண்டுக்கும் நடுவே சுமார் நூறு கிலோமீட்டர்தான். வரைபடத்தில் தூரம் சிறிதாகத் தெரிந்தாலும், அதிவேகப் பாதை இல்லாத சாலைகளில் மணிக்கு 40 கிலோமீட்டர் என்று கணக்குப் போடுங்கள். நான் பார்த்தவரை இலங்கைப் பயணத்தில் குடும்பங்கள் களைத்துப் போவது இந்தக் கணக்கைத் தவறவிடுவதால்தான். ஒவ்வோர் இரவும் ஓர் ஊர் என்று பெட்டியைக் கட்டி அவிழ்த்தே சோர்ந்துவிடுகிறார்கள்.

முதல் இரவு நீர்கொழும்பு. விமான நிலையத்துக்குப் பக்கம், அம்மா கால் நீட்டிப் படுக்கலாம். மறுநாள் ஹபரணை அல்லது சிகிரியாவுக்குப் போய் நான்கு இரவு ஒரே இடத்தில் தங்குங்கள். அப்புறம் திருகோணமலையில் உப்புவெளி அல்லது நிலாவெளியில் நான்கு இரவு. கடைசி இரவு மறுபடி நீர்கொழும்பு. திருகோணமலையிலிருந்து விமான நிலையம் ஆறு மணி நேரப் பயணம். புறப்படும் நாளன்று அதை வைத்துக்கொள்ளாதீர்கள்.

பிள்ளைகள் கேட்ட யானைக்கு ஆகஸ்டைவிட நல்ல மாதம் கிடைக்காது. மகாசேனன் என்ற பழங்கால அரசன் கட்டிய மின்னேரியாக் குளம் கோடையில் வற்றும்போது கரையோரம் புதுப்புல் முளைக்கும். சுற்றுக் காடுகளிலிருந்து யானைகள் குட்டிகளோடு அந்தப் புல்லுக்கும் தண்ணீருக்கும் வந்து கூடும். பின்னேரம் ஜீப்பில் போக வேண்டும். மின்னேரியாதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்காதீர்கள். குளத்தில் தண்ணீர் ஏறினால் புல் மூழ்கிவிடும், யானைகள் பக்கத்தில் உள்ள கவுடுல்லப் பூங்காவுக்கோ ஹுருலு காட்டுக்கோ நகர்ந்துவிடும். முன்கூட்டியே பூங்காவைத் தீர்மானிக்காமல், நேற்று யானை எங்கே நின்றது என்று ஹபரணையில் அன்று காலை ஜீப் ஓட்டுநரிடம் கேட்டு முடிவெடுங்கள். யானையை நெருங்கச் சொல்லி ஓட்டுநரை வற்புறுத்தவும் வேண்டாம். குட்டியோடு நிற்கும் தாய்க்கு இடம் விட்டு நின்றால்தான் அது இயல்பாக மேய்வதைப் பார்க்க முடியும்.

சிகிரியா 5ஆம் நூற்றாண்டில் காசியப்பன் என்ற அரசன் பாறையுச்சியில் கட்டிய மாளிகை. ஏறக்குறைய 1,200 படிகள். பதினொரு வயதுப் பையன் துள்ளி ஏறிவிடுவான், மகளை நிறுத்தி நிறுத்தி ஏற்றலாம். அம்மாவுக்கு வேண்டாம். கீழே உள்ள நீர்த் தோட்டங்கள் சமதரைதான், ஆனால் அவையும் அதே சீட்டுக்குள் வருகின்றன. வெளிநாட்டவருக்கு அந்தச் சீட்டு 30 டாலருக்கு மேல். அம்மா உள்ளே வருகிறாரா, விடுதியில் ஓய்வெடுக்கிறாரா என்று முதல் நாள் இரவே பேசிவிடுங்கள். காலையில் திறக்கும் நேரத்திலேயே ஏறத் தொடங்குங்கள். பத்து மணிக்குப் பிறகு பாறை கொதிக்கும். வழியில் குளவிக்கூடுகள் இருப்பதால் சத்தம் போடாதீர்கள் என்று பலகை வைத்திருப்பார்கள். பிள்ளைகளிடம் கீழேயே சொல்லிவிடுங்கள்.

பொலன்னறுவை அம்மாவுக்கும் பிடிக்கும். இடிபாடுகள் பரந்து கிடந்தாலும் ஒவ்வொன்றுக்கும் அருகில் வரை வண்டி போகும். கல்விகாரை என்ற இடத்தில் ஒரே பாறையில் செதுக்கிய புத்தர் சிலைகள் இருக்கின்றன. அதே நகரில் சோழர் காலத்துச் சிவன் கோயில்களும் நிற்கின்றன. சோழர் கருங்கல் வேலையை அங்கே போய்ப் பார்க்கும்போது அம்மா கொஞ்ச நேரம் நகரவே மாட்டார். இந்த இடங்களுக்கெல்லாம் தோளும் முழங்காலும் மறையும் உடை வேண்டும். செருப்பைக் கழற்ற வேண்டும், மதியத்தில் கல் சுடும் என்பதால் காலுறை ஒரு சோடி கையில் இருக்கட்டும். புத்தர் சிலைக்கு முதுகைக் காட்டிப் படம் எடுத்துக்கொள்வதை அங்கே அவமதிப்பாக எடுத்துக்கொள்வார்கள்.

கண்டியில் நடக்கும் எசல பெரஹெரா என்ற யானை ஊர்வலத் திருவிழா பெரும்பாலும் ஜூலை கடைசியிலோ ஆகஸ்டிலோ வரும், நிலாவைப் பார்த்துத்தான் தேதி. உங்கள் நாட்களில் விழுந்தாலும் நான் பரிந்துரைக்க மாட்டேன். ஊர்வலம் இரவில், வீதி ஓரத்தில் இடம் பிடிக்கப் பிற்பகலிலேயே உட்கார வேண்டும், விடுதி வாடகை ஏறிவிடும். முழங்கால் வலியோடு அம்மாவை அந்தக் கூட்டத்தில் வைப்பதை நினைத்தாலே எனக்குக் கவலையாக இருக்கிறது.

அம்மாவின் கோயில் ஆசைக்குத் திருகோணமலை இருக்கிறதே. கோணேசர் கோயில் கடலுக்கு மேல் செங்குத்தாக நிற்கும் பாறையில், கோட்டைக்குள்ளே இருக்கிறது. சம்பந்தர் பதிகம் பாடிய தலம். பழைய கோயிலைப் போர்த்துக்கீசர் 17ஆம் நூற்றாண்டில் இடித்தார்கள், இப்போதிருப்பது பிறகு எழுந்தது. கோட்டைப் பாதையில் புள்ளிமான்கள் திரியும், பிள்ளைகளுக்கு அதுவே போதும். மேட்டில் இருப்பதால் வண்டி எவ்வளவு தூரம் போகும் என்று விசாரித்துக்கொண்டு, வெயில் தணிந்த பிறகு மாலைப் பூசைக்குப் போங்கள். நகரத்துக்குள் பத்திரகாளி அம்மன் கோயில் சமதரையில் இருக்கிறது. கன்னியாவில் ஏழு வெந்நீர்க் கிணறுகள், ஒவ்வொன்றும் ஒவ்வொரு சூட்டில் இருக்கும்.

நிலாவெளிக்கு எதிரே சுமார் ஒரு கிலோமீட்டரில் புறாத்தீவு, பவளப்பாறைகள் உள்ள தேசியப் பூங்கா. காலையிலேயே படகு பிடியுங்கள். உயிர்காப்பு அங்கி பிள்ளைகளின் அளவுக்கு இருக்கிறதா என்று கரையிலேயே போட்டுப் பாருங்கள், இல்லையென்றால் வேறு படகு. பவளத்தின் மேல் கால் வைக்கக் கூடாது. மிதிபட்ட பவளம் செத்துவிடும், மீண்டு வளரப் பல ஆண்டுகள் ஆகும்.

யாழ்ப்பாணத்தை விடச் சொல்ல எனக்கே மனமில்லை. அங்குள்ள நல்லூர்க் கந்தசாமி கோயில் திருவிழா 25 நாள், ஆடி ஆவணியில் வரும், 24ஆம் நாள் தேர். அந்த நாட்கள் உங்கள் பயணத்தோடு பொருந்தினால் சிகிரியாவில் ஓர் இரவு, திருகோணமலையில் ஓர் இரவு குறைத்துக்கொண்டு, கடைசி நீர்கொழும்பு இரவையும் எடுத்து யாழ்ப்பாணத்தில் மூன்று இரவு தங்கலாம். திருகோணமலையிலிருந்து அங்கே போக ஐந்து மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். திரும்பும்போது கொழும்பு 400 கிலோமீட்டர், விமானம் பின்னிரவில் என்றால் மட்டும் இதைச் செய்யுங்கள். நல்லூருக்குள் ஆண்கள் மேல்சட்டையைக் கழற்றிவிட்டுத்தான் போக வேண்டும், மகனுக்கும் முன்பே சொல்லி வையுங்கள். திருவிழா பொருந்தவில்லை என்றால் யாழ்ப்பாணத்துக்கு மட்டும் தனியாக ஒரு வாரம் ஒதுக்கி வாருங்கள், நெடுந்தீவும் நயினாதீவும் அப்போதுதான் நிதானமாகக் கிடைக்கும்.

ஆகஸ்டில் கிழக்குக் கரை நிரம்பிவிடும், அதனால் முதலில் பதிவு செய்ய வேண்டியது நிலாவெளி அறை. கீழ்த்தளத்தில் கேளுங்கள், அம்மாவுக்குப் படி இருக்காது. அடுத்தது ஐந்து பேரும் பெட்டிகளும் அடங்கும் வான், ஓட்டுநரோடு. பௌர்ணமி நாள் அங்கே போயா விடுமுறை. அன்று பௌத்தத் தலங்களில் கூட்டம் அலைமோதும், அந்த நாளைக் கடலுக்கு ஒதுக்கிவிடுங்கள்.