சாவி ஏன் உங்கள் கையில் இல்லை?

கேள்வி: எனக்கு 43 வயது. செங்கோட்டையில் மின்சாதனக் கடை வைத்திருக்கிறேன். இரண்டு ஆண்டுகளாக ஓடுகிறேன். வருகிற ஜனவரியில் முதல் முழு மாரத்தான். வாரத்தில் ஐந்து நாள், அதிகாலை 4 மணிக்குக் கிளம்பிப் புளியரை சாலையில் ஓடுவேன். ஞாயிற்றுக்கிழமை எஸ் வளைவு வரை ஏறித் திரும்புவேன். 89 வயதில் ஓடத் தொடங்கிய ஃபௌஜா சிங்தான் என் முன்மாதிரி. எடை 11 கிலோ குறைந்திருக்கிறது. வீட்டில் யாருக்கும் தொந்தரவு கொடுப்பதில்லை. சாவியும் போனும் ஓடும்போது குலுங்கும் என்பதால் வைத்துவிட்டுப் போவேன். அம்மாவுக்கு 74 வயது, எப்படியும் தூக்கம் குறைவு. அவரே எழுந்து கதவைத் திறந்துவிட்டு, தாழ்ப்பாள் போட்டுக்கொள்வார். ஆனால் மனைவி மட்டும் இதைப் பைத்தியக்காரத்தனம் என்கிறாள். அவளுக்கு எப்படிப் புரியவைப்பது?

– செங்கோட்டை வாசகர்

பதில்: தம்பி, உங்கள் மனைவியைப் பற்றிப் பிறகு பேசலாம். எனக்கு அந்தக் கதவுதான் கண்ணுக்குள் நிற்கிறது.

'யாருக்கும் தொந்தரவு கொடுப்பதில்லை' என்று எழுதிய அதே கையால், அடுத்த வரியிலேயே 74 வயது அம்மாவை வாரத்துக்கு ஐந்து நாள் நாலு மணிக்கு எழுப்புவதையும் எழுதியிருக்கிறீர்கள். எழுதியதைத் திரும்பப் படித்துப் பார்த்தீர்களா? சாவி குலுங்குகிறது என்பதற்காக ஒரு வயதான உயிர் படுக்கையை விட்டு எழுந்து, இருட்டில் சுவரைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வர வேண்டுமா?

'எப்படியும் தூக்கம் குறைவு.' இந்த வாக்கியத்தை எத்தனையோ மகன்களின் கடிதங்களில் படித்திருக்கிறேன். என் வீட்டிலேயே கேட்டிருக்கிறேன். என் கணவர் மில்லில் இரவு ஷிப்ட் பார்த்த காலத்தில், அவருடைய சைக்கிள் மணி கேட்கும் வரை என் மாமியார் திண்ணையை விட்டு எழ மாட்டார். 'எனக்குத் தூக்கம் ஏதும்மா' என்று பல வருடம் சொல்லிக்கொண்டிருந்தார். நாங்களும் நம்பினோம். மகனுக்குப் பகல் ஷிப்ட் கிடைத்தது. அந்த வாரத்திலிருந்து அவர் காலை ஆறரை வரை அசையாமல் தூங்கினார். எனக்கு அன்று வந்த வெட்கம் இன்றும் போகவில்லை. தூக்கம் இல்லாதவர் என்று நாங்கள் முடிவு கட்டியிருந்தவர், அத்தனை வருடமும் விழித்துக் காத்திருந்தவர்.

உங்கள் அம்மா தாழ்ப்பாள் போட்டுவிட்டுத் திரும்பப் படுக்கிறார் என்றா நினைக்கிறீர்கள்? ஒரு நாள் ஓடாமல் தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து ஜன்னல் வழியாகப் பாருங்கள். நாற்காலியை வாசல் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்திருப்பார். கையில் போன் இல்லாத மகன், எந்த இடத்தில் ஓடிக்கொண்டிருக்கிறான் என்று தெரியாத அம்மா. ஒவ்வொரு லாரி ஹாரனுக்கும் அவர் வயிறு என்ன பாடுபடும்!

அந்தச் சாலை எப்படிப்பட்டது என்பது உங்களுக்கே தெரியும். கொல்லம்–திருமங்கலம் தேசிய நெடுஞ்சாலை அது. கேரளத்துக்குக் காய்கறியும் கல்லும் எம்.சாண்டும் ஏற்றிய லாரிகள் இரவெல்லாம் போய்க்கொண்டே இருக்கும். நாலு மணி என்பது டிரைவர்களுக்குக் கண் சொக்குகிற நேரம். 2024 பிப்ரவரியில் நள்ளிரவுக்குப் பிறகு, பிளைவுட் ஏற்றி வந்த லாரி ஒன்று அதே எஸ் வளைவுப் பகுதியில் கவிழ்ந்து கீழே தண்டவாளத்தில் விழுந்தது. டிரைவர் உயிர் போயிற்று. அந்தப் பக்கம் குடியிருந்த வயதான கணவனும் மனைவியும் சத்தம் கேட்டு வந்து, டார்ச் விளக்கோடு தண்டவாளத்தில் ஓடி, வந்துகொண்டிருந்த ரயிலை நிறுத்தினார்கள். அந்த மலையடிவாரத்தில் நடந்த ஓட்டங்களில் எனக்குப் பெரியது அதுதான். நீங்கள் ஞாயிறுதோறும் ஏறும் வளைவு அது. அங்கே ஏறுவதற்குக் கையில் ஒரு விளக்காவது வைத்திருக்கிறீர்களா? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை.

ஃபௌஜா சிங்கை முன்மாதிரி என்கிறீர்கள். நல்ல முன்மாதிரிதான். டொராண்டோவில் 2011இல் 100 வயதில் முழு மாரத்தான் ஓடி முடித்தவர். லண்டன் சாலையும் டொராண்டோ சாலையும் ஒன்றும் செய்யாத அந்த மனிதர், 2025 ஜூலையில் ஜலந்தர் அருகே தம்முடைய கிராமத்துச் சாலையில் வாகனம் மோதித்தான் இறந்தார். பழகிய சாலை என்று யாரும் தைரியம் கொள்ள முடியாது.

இன்னொன்றையும் யோசித்தீர்களா? ஜனவரிப் போட்டி என்றால் உங்களுடைய மிக நீண்ட ஓட்டங்கள் நவம்பர், டிசம்பரில் வரும். கார்த்திகை பிறந்ததும் ஆரியங்காவு, அச்சன்கோவில், சபரிமலை என்று ஐயப்ப பக்தர்களின் வண்டிகள் அந்தப் பாதையில்தான் வரிசை கட்டும். இரண்டு ராத்திரி கண் மூடாமல் வண்டி ஓட்டி வருகிறவர்கள் அதில் எத்தனை பேர்! தை பிறக்கும் வரை இருட்டில் அந்தச் சாலையில் கால் வைக்காதீர்கள். இதை யோசனையாகச் சொல்லவில்லை. கண்டிப்பாகவே சொல்கிறேன்.

ஓடுவதை விடச் சொல்லவில்லை. 11 கிலோ குறைந்த உடம்பு உங்கள் பிள்ளைகளுக்கும் சொத்து. வார நாட்களில் ஐந்தரைக்கு மேல் பள்ளி மைதானத்தில் ஓடுங்கள். சுற்றிச் சுற்றி வருவது அலுப்பாக இருக்கும், இருக்கட்டும். பக்கத்தில் ஒருவரோடு பேசிக்கொண்டே ஓடக்கூடிய வேகம் போதும். 42.195 கிலோமீட்டரைத் தாங்கும் கால் அந்த நிதானத்தில்தான் உருவாகும். தினமும் கடிகாரத்தைத் தோற்கடிப்பதில் வராது. நீண்ட ஓட்டம் வாரத்துக்கு ஒன்று, நன்றாக விடிந்த பிறகு. குண்டாறு அணைப் பக்கம் போவதானாலும் வெளிச்சம் வந்த பிறகுதான். யானை இறங்கும் தோப்புகள் வழியே இருட்டில் போக வேண்டாம். சாலையில் ஓடும்போது வலப்பக்கமாக, எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி ஓடுங்கள். மேலே ஒளிரும் பட்டை போட்ட சட்டை. காதில் பாட்டு வேண்டாம்.

நேரம் தள்ளினால் கடை திறக்கத் தாமதமாகும், தெரியும். ஐந்து நாளை நான்காக்கிக்கொள்ளுங்கள். ஜனவரியில் முடியவில்லை என்றால் அடுத்த வருடம் ஓடுங்கள். மாரத்தான் எங்கும் ஓடிப்போகாது.

இப்போது உங்கள் மனைவி. அவர் பைத்தியக்காரத்தனம் என்று சொல்வது ஓட்டத்தையா, வாசலில் மாமியார் உட்கார்ந்திருப்பதைத் தினமும் பார்த்துக்கொண்டிருப்பதையா? இதை ஒரு முறையாவது அவரிடம் கேட்டீர்களா? உங்கள் கேள்வி, அவருக்கு எப்படிப் புரியவைப்பது என்பது. எனக்கென்னவோ அந்த வீட்டில் நடப்பதைச் சரியாகப் புரிந்துகொண்டவர் அவர் ஒருவர்தான் என்று படுகிறது. பெற்ற தாயின் தூக்கத்தைக் காக்க வேண்டியது மகன். மருமகள் அதைச் சொல்லிக் காட்டும் நிலை வந்ததே தவறு.

நாளைக்கே கடைத்தெருவில் ஒரு மாற்றுச் சாவி செய்துகொள்ளுங்கள். வெளியிலிருந்து பூட்டித் திறக்க முடியாத கதவென்றால் தச்சரைக் கூப்பிட்டுப் பூட்டை மாற்றுங்கள். மாரத்தான் ஷூவுக்குக் கொடுத்த விலை அதற்கு ஆகாது. சாவியை ஷூ லேஸில் முடிந்துகொண்டால் குலுங்காது. போனுக்கு இடுப்புப் பட்டை கிடைக்கிறது. எந்தப் பக்கம் போகிறேன், எத்தனை மணிக்கு வருவேன் என்பதை முதல் நாள் இரவே காலண்டரில் எழுதி வையுங்கள், மனைவிக்கும் தெரியட்டும்.

அம்மாவிடம் 'நாளையிலிருந்து நீ எழ வேண்டாம்மா' என்று சொல்லுங்கள். அப்படியும் எழத்தான் செய்வார், ஒரு மாதமாவது எழுவார். திரும்பி வந்ததும், எத்தனை கிலோமீட்டர் என்று கடிகாரத்தைப் பார்ப்பதற்கு முன்னால், அவர் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு வாய் காபி குடியுங்கள்.