சைக்கிளுக்கு இடம் தரும் சாலைகள்: வாசகர் கேள்வி – பதில்

நகரச் சாலைகளைச் சைக்கிளுக்கு ஏற்றபடி மாற்றுவது பற்றி வந்த கேள்விகளில் சில இங்கே. ஒரே விஷயத்தைக் கேட்டவற்றை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். அளவுகள் எல்லாம் வண்டிகள் இடப்பக்கம் ஓடும் சாலையை மனதில் வைத்துச் சொன்னவை. வலப்பக்கம் ஓடும் நாடுகளுக்குத் திசையை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

கேள்வி: சாலையோரம் வெள்ளைக்கோடு இழுத்து, சைக்கிள் படமும் வரைந்தார்கள். சில மாதங்களிலேயே அது கார் நிறுத்தும் இடமாகிவிட்டது. கோடு போட்டால் போதாதா?

பதில்: போதாது. நிறுத்த இடம் தேடி வருபவர் கண்ணில் காலியாகப் படும் முதல் இடம் அந்தக் கோட்டுக்குள் இருப்பதுதான். ஒரே ஒரு கார் நின்றால்கூட, சைக்கிளில் வருபவர் அதைச் சுற்றிக்கொண்டு வேக வண்டிகளுக்கு நடுவே போக வேண்டும். பெரியவர் எப்படியோ சமாளித்துவிடுவார். பள்ளிக்குப் போகும் பிள்ளையை அந்தச் சாலையில் எந்த வீட்டிலும் தனியே அனுப்பமாட்டார்கள்.

எல்லாத் தெருவிலும் தனிப்பாதை வேண்டும் என்பதில்லை. வண்டிகள் 30 கி.மீ. வேகத்தைத் தாண்டாமல், நாள் முழுவதும் சேர்த்துச் சுமார் 2,000 முதல் 2,500 வண்டிகளே ஓடும் தெருவில் எல்லோரும் கலந்தே போகலாம். 50 கி.மீ. வேகத்தில் ஓடும் சாலையில் தடுப்பு கட்டாயம். அந்தத் தடுப்பு சிமென்ட் ஓரக்கல்லாகவோ மரம் நட்ட குறுகிய திட்டாகவோ இருக்கலாம்; டென்மார்க்கில் செய்வதுபோலப் பாதையையே சாலையைவிட ஒரு படி உயர்த்தியும் போடலாம். வளையும் பிளாஸ்டிக் கம்பங்களைத் தற்காலிகமாக வைக்கலாம். பம்பர் பட்டுப் பட்டு அவை முறியும். முறிந்ததை மாற்ற ஆளும் பணமும் ஒதுக்காவிட்டால் மறுபடி வெறும் கோடுதான் மிஞ்சும்.

கார்களை நிறுத்தியே ஆக வேண்டிய சாலையில், அவற்றைச் சைக்கிள் பாதைக்கு வெளியே, வண்டிகள் ஓடும் பக்கம் தள்ளி நிறுத்தச் செய்யுங்கள். நிற்கும் காரே தடுப்பாகிவிடும். ஆனால் காரின் கதவு ஒரு மீட்டர்வரை விரிந்து திறக்கும். கார் வரிசைக்கும் பாதைக்கும் நடுவே குறைந்தது 80 செ.மீ. இடைவெளி விடாவிட்டால், திறக்கும் கதவில் மோதி விழுபவர்களைத் தடுக்க முடியாது.

கேள்வி: சைக்கிள் பாதை எவ்வளவு அகலம் இருக்க வேண்டும்? ஒரு மீட்டர் போதும் என்கிறார் எங்கள் பகுதிப் பொறியாளர்.

பதில்: ஹேண்டில்பாரின் அகலமே 60 முதல் 70 செ.மீ. ஓட்டும்போது சைக்கிள் நேர்கோட்டில் போவதில்லை, சற்றே ஆடி ஆடித்தான் போகும். ஆக ஒருவருக்கு மட்டுமே ஒரு மீட்டர் போய்விடுகிறது. ஒருவரை ஒருவர் முந்த, அல்லது அம்மாவும் பிள்ளையும் பக்கம் பக்கமாகப் போக, 2 மீட்டர் வேண்டும். ஒருவழிப் பாதைக்கு அதுவே குறைந்தபட்சம். நெதர்லாந்தின் வடிவமைப்புக் கையேடு, நெரிசல் நேரத்தில் மணிக்கு 150 சைக்கிளைத் தாண்டினால் இன்னும் அகலப்படுத்தச் சொல்கிறது. இருவழிப் பாதையானால் 3 மீட்டருக்குக் கீழே இறங்க வேண்டாம்.

வரைபடத்தில் 2 மீட்டர் இருந்தாலும் ஓட்டக் கிடைப்பது 2 மீட்டர் அல்ல. பாதையை ஒட்டிச் சுவர் இருந்தால் 60 செ.மீ. வரை விலகித்தான் யாரும் ஓட்டுவார்கள். உயரமான ஓரக்கல் 25 செ.மீ.யைத் தின்றுவிடும், ஏனென்றால் கீழே வரும் பெடல் அதில் தட்டும். ஓரக்கல்லை 5 செ.மீ. உயரத்துக்குள் வைத்து, மேல்விளிம்பைச் சரிவாகச் செதுக்கிவிட்டால் பெடலும் தட்டாது, டயர் உரசினாலும் ஆள் விழமாட்டார். அதே 5 செ.மீ. உயர வித்தியாசத்தை நடைபாதைக்கும் சைக்கிள் பாதைக்கும் நடுவிலும் வைக்க வேண்டும். பார்வையற்றவர்கள் கைத்தடியால் எல்லையை அறிவது அதை வைத்துத்தான்.

கேள்வி: எங்கள் சாலையை அகலப்படுத்த வழியே இல்லை. இடத்துக்கு எங்கே போவது?

பதில்: பெரும்பாலான சாலைகளில் இடம் இருக்கிறது, பங்கீடுதான் சரியில்லை. 14 மீட்டர் சாலையில் 3.5 மீட்டர் வீதம் நான்கு தடங்கள் என்று வைத்துக்கொள்வோம். அதை 3.2 மீட்டர் வீதம் இரண்டு தடங்களாக்கினால் 6.4 மீட்டர் போகும். இருபுறமும் 2.2 மீட்டர் சைக்கிள் பாதைக்கு 4.4, இருபுறத் தடுப்புக்கு 60 செ.மீ. வீதம் 1.2. இன்னும் 2 மீட்டர் மிச்சம். அதில் ஒரு பக்கம் மரம் நடலாம், சரக்கு இறக்கும் இடமும் ஒதுக்கலாம். எதிர்த் தடத்தைக் கடந்து வலப்பக்கம் திரும்பக் காத்திருக்கும் வண்டிகள் அதிகமானால், அந்த மிச்சத்தைச் சந்திப்புக்கு அருகே மட்டும் திரும்பும் தடத்துக்குக் கொடுத்துவிடலாம்.

அதற்கும் இடமில்லாத குறுகிய தெருக்களில் பாதை போடுவதைவிட வண்டிகளின் போக்கையே மாற்றுவது நல்லது. நெதர்லாந்தின் குரோனிங்கன் நகரம் 1977-இல் தன் மையப்பகுதியை நான்காகப் பிரித்தது. ஒரு பகுதியிலிருந்து இன்னொன்றுக்குக் காரில் நேராகப் போக முடியாது, வெளிவட்டச் சாலைக்கு வந்துதான் போக வேண்டும். சைக்கிளும் நடப்பவரும் நேராகவே போகலாம். பெரிய கட்டுமானம் எதுவும் இல்லாமல், பெரும்பாலும் போக்குவரத்துப் பலகைகளையும் தடுப்புகளையும் கொண்டே அதைச் செய்தார்கள்.

கேள்வி: பாதை நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் சந்திப்பு வந்ததும் காணாமல் போய்விடுகிறது. விபத்தும் அங்கேதான் நடக்கிறது.

பதில்: வந்த கேள்விகளிலேயே முக்கியமானது இதுதான். நகரத்தில் சைக்கிள் சிக்கும் விபத்துகளில் பெரும்பகுதி சந்திப்புகளில்தான் நடக்கிறது. பாதையோ அங்கேதான் விட்டுப்போகிறது. கையில் இருக்கும் பணம் ஐந்து கிலோமீட்டர் கோட்டுக்கா, இரண்டு சந்திப்புகளுக்கா என்றால், தயங்காமல் சந்திப்புகளைக் கேளுங்கள்.

ஆபத்தின் வடிவம் இது: நேரே போகும் சைக்கிளும் இடப்பக்கம் திரும்பும் லாரியும் பக்கம் பக்கமாக நிற்கின்றன. பச்சை விழுகிறது. லாரி திரும்பத் தொடங்கும்போது சைக்கிள் அதன் பக்கவாட்டில், கண்ணாடியில் தெரியாத இடத்தில் இருக்கிறது. ஓட்டுநர் எவ்வளவு கவனமானவராக இருந்தாலும், தெரியாததைப் பார்க்க முடியாது.

இதற்குத் தீர்வு மூலைத்திட்டு. சந்திப்பின் ஒவ்வொரு மூலையிலும் ஒரு சிறு திட்டு கட்டி, சைக்கிள் பாதையை அதன் பின்னால் வளைத்து, குறுக்குச் சாலையை 4 முதல் 5 மீட்டர் உள்தள்ளிக் கடக்க வைக்கிறார்கள். இதனால் மூன்று நடக்கிறது. திரும்பும் கார் ஏறக்குறைய முழுவதும் திரும்பிய பிறகே சைக்கிளைச் சந்திக்கும், அதனால் ஓட்டுநருக்குச் சைக்கிள் கண்ணெதிரே தெரியும். அந்த 5 மீட்டர் இடைவெளியில் ஒரு கார், பின்னால் வருவதை மறிக்காமல் நின்று வழிவிடலாம். சைக்கிள்காரர் நிற்கும் கோடும் கார் நிற்கும் கோட்டைவிட முன்னால் போய்விடுகிறது.

தவறு எங்கே வருகிறது? திட்டின் வளைவைப் பெரிதாக்கிவிடுவார்கள், லாரி திரும்ப வேண்டுமே என்று. வளைவு பெரிதானால் காரும் வேகம் குறைக்காமல் திரும்பும். வளைவின் ஆரத்தை 5, 6 மீட்டருக்குள் வைத்து, லாரியின் பின்சக்கரம் ஏற மட்டும் திட்டின் ஓரத்தில் தாழ்வான, சொரசொரப்பான கல்தளம் போடுங்கள். லாரி அதன்மேல் ஏறித் திரும்பும். கார் ஓட்டுபவர் குலுங்கும் என்று தவிர்ப்பார்.

சிக்னல் நேரத்தையும் பாருங்கள். 24 மீட்டர் சந்திப்பைக் கடக்க, வினாடிக்கு 4 மீட்டர் போகும் சைக்கிளுக்கு 6 வினாடி; காலூன்றி நின்றவர் புறப்பட இன்னும் 2 வினாடி. காருக்குக் கணக்கிட்ட மஞ்சளும் சிவப்பும் இதற்குப் போதாது. நடுச்சாலையில் இருக்கும்போதே குறுக்கே பச்சை விழுந்துவிடும். சைக்கிளுக்கு 4, 5 வினாடி முன்கூட்டியே பச்சை கொடுத்தால் திரும்பும் வண்டிக்கு முன் அவர் கடந்துவிடுவார். கோபன்ஹேகனின் நோரெப்ரோகாட சாலையில், 20 கி.மீ. வேகத்தில் ஓட்டினால் நெரிசல் நேரத்தில் அடுத்தடுத்த சிக்னல்கள் பச்சையாகவே கிடைக்கும்படி நேரம் அமைத்திருக்கிறார்கள்.

கேள்வி: வேகத்தை 30 ஆகக் குறைப்பதால் உண்மையில் என்ன லாபம்?

பதில்: காய்ந்த சாலையில், சுதாரிக்க ஒரு வினாடி என்று வைத்தால், 50 கி.மீ. வேகத்தில் வரும் கார் நிற்க ஏறத்தாழ 28 மீட்டர் ஆகும். 30-இல் 13 மீட்டர் போதும். அதாவது 13 மீட்டருக்கு முன்னால் ஒரு பிள்ளை குறுக்கே வந்தால், 30-இல் வந்தவர் நின்றிருப்பார். 50-இல் வந்தவர் அப்போதுதான் பிரேக்கில் கால் வைத்திருப்பார்.

கேள்வி: பஸ் நிறுத்தத்தில் பஸ்ஸும் சைக்கிளும் முட்டிக்கொள்கின்றன.

பதில்: பாதையை நிறுத்தத்துக்குப் பின்னால் கொண்டுபோங்கள். பயணிகள் ஏறி இறங்கும் திட்டு 2.5 மீட்டராவது இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கூட்டம் பாதையில் வழியும். நடப்பவர் கடக்கும் இடத்தில் சைக்கிள் பாதையை நடைபாதை மட்டத்துக்கு உயர்த்தி, வரிக்கோடு போட வேண்டும். அங்கே முன்னுரிமை நடப்பவருக்குத்தான்.

கேள்வி: சாக்கடைக் கம்பி மூடியில் டயர் மாட்டி விழுந்தவர்கள் பலர். இதற்கெல்லாம் விதி இல்லையா?

பதில்: கம்பிகள் சாலைக்குக் குறுக்காக இருக்க வேண்டும். நீளவாக்கில் இருந்தால் மெல்லிய டயர் அப்படியே உள்ளே இறங்கிவிடும். பல மூடிகளைக் கழற்றித் திருப்பி வைத்தாலே போதும். மூடி சதுரமாக இல்லாவிட்டால் அதையே மாற்ற வேண்டியிருக்கும். இன்னொன்று, புதிதாக ஓரக்கல் தடுப்பு போடும்போது மழைநீர் வடிய இடைவெளி விடாவிட்டால் பாதை முழுவதும் குளமாகி, வற்றியதும் மணல் படியும். மணலில்தான் சைக்கிள் சறுக்கும். பாதைக்குள் நுழையும் அளவுக்குக் குறுகிய கூட்டும் வண்டி இருக்கிறதா என்று கட்டும் முன்பே கேட்டுவிடுங்கள்.

கார் நுழையாமல் இருக்கக் கம்பம் நடுவதானால் இடைவெளி 1.5 மீட்டர் வேண்டும். சரக்கு சைக்கிளும் சக்கர நாற்காலியும் போக வேண்டுமே. கம்பத்தில் ஒளி பிரதிபலிக்கும் பட்டை ஒட்டுங்கள். கூட்டமாகப் போகும்போது முன்னால் போகிறவர் விலகியதும்தான் பின்னால் வருபவருக்குக் கம்பமே தெரியும்.

கேள்வி: கடைக்காரர்கள் எதிர்க்கிறார்கள். கார் நிறுத்த இடமில்லாவிட்டால் வியாபாரம் போய்விடும் என்கிறார்கள்.

பதில்: அவர்கள் பயத்தை அலட்சியப்படுத்தாதீர்கள், பிழைப்பு சம்பந்தப்பட்டது. ஆனால் வாடிக்கையாளர்கள் எப்படி வருகிறார்கள் என்று எண்ணிப் பார்த்த பல ஊர்களில், காரில் வருபவர் எண்ணிக்கையைக் கடைக்காரர்கள் அதிகமாகவே மதிப்பிட்டிருந்தார்கள். டொரொன்டோவின் ப்ளூர் சாலையில் 2016-இல் சோதனையாகச் சைக்கிள் தடம் போட்டு, முன்னும் பின்னும் வியாபாரத்தைக் கணக்கெடுத்தார்கள். வாடிக்கையாளர் வரவு குறையவில்லை. அடுத்த ஆண்டே அது நிரந்தரமானது. சரக்கு இறக்கும் இடத்தை நேரம் குறித்து ஒதுக்கித் தருவதும், கடை வாசலில் சைக்கிள் ஸ்டாண்ட் வைப்பதும் பேச்சுவார்த்தையை எளிதாக்கும். ஒரு கார் நிற்கும் 5 மீட்டரில் பத்து சைக்கிள் நிற்கும்.

ஸ்டாண்ட் என்றால் கவிழ்த்த 'ப' வடிவக் குழாய்தான் சிறந்தது: உயரம் 75 செ.மீ., ஒன்றுக்கொன்று ஒரு மீட்டர் இடைவெளி. முன்சக்கரத்தை மட்டும் பிடிக்கும் ஸ்டாண்டில் சைக்கிள் சாய்ந்தால் ரிம் கோணும். சைக்கிளின் ஃபிரேமைப் பூட்டவும் வழியில்லை.

கேள்வி: எங்கள் ஊரில் பாதை போட்டும் யாரும் ஓட்டவில்லை. பணம் வீண்தானே?

பதில்: அந்தப் பாதை எங்கிருந்து எங்கே போகிறது என்று பாருங்கள். வீட்டிலிருந்து பள்ளிவரை நான்கு கிலோமீட்டரில் மூன்றரை கிலோமீட்டர் பாதுகாப்பாகவும், அரை கிலோமீட்டர் பயமாகவும் இருந்தால், மக்கள் முடிவெடுப்பது அந்த அரை கிலோமீட்டரை வைத்துத்தான். ஸ்பெயினின் செவில் நகரம் 2006-க்குப் பின் துண்டு துண்டாகக் கட்டாமல், ஒன்றோடொன்று இணையும் வலைப்பின்னலாக ஒரேயடியாகக் கட்டியது. 2010-க்குள் சுமார் 120 கி.மீ. ஆனது, சைக்கிளில் போகிறவர்கள் பல மடங்கு பெருகினார்கள்.

கேள்வி: நிரந்தரமாகக் கட்டும் முன் சோதித்துப் பார்க்க முடியுமா?

பதில்: தாராளமாக. தண்ணீர் நிரப்பும் பிளாஸ்டிக் தடுப்புகள், தொட்டிச் செடிகள், பெயின்ட் இருந்தால் சில நாட்களில் போட்டுவிடலாம். சோதனை ஆறு மாதமாவது நீடிக்கட்டும். இரண்டு வாரத்தில் யாரும் பழக்கத்தை மாற்றமாட்டார்கள். முன்னும் பின்னும் எண்ணும்போது அதே கிழமைகள், அதே நேரம், அதே வானிலை இருக்க வேண்டும். மொத்த எண்ணிக்கையோடு நிறுத்தாமல் பெண்கள், பிள்ளைகள், முதியவர்கள் எத்தனை பேர் என்று தனித்தனியே குறியுங்கள். மொத்தம் கூடியும் அவர்கள் கூடவில்லையென்றால், வழியில் எங்கோ ஒரு சந்திப்பு இன்னும் சரியாகவில்லை. அங்கே போய் நின்று பாருங்கள்.